இழுவை

வேகம் கேட்கவில்லை நான்.
ஓமலூர் பைபாஸில் ஹார்ன் அடித்துத் துரத்துகிறவர்களுக்கு
வேகம் போதும்.
நான் கேட்டது
பதினேழாவது கொண்டை ஊசியில்
இரண்டாம் கியரிலேயே திரும்புகிற தெம்பு.

ஏற்காட்டில் வீடு கட்டுகிறவர்களுக்குக்
கீழேயிருந்துதான் கல் போகிறது.
மலை முழுக்கக் கல்.
அதன்மேல் நூற்றிருபது ஹாலோ பிளாக்கைத்
தார்ப்பாய் கட்டி ஏற்றிக்கொண்டு போகிறேன்
ஒரு நடைக்கு இவ்வளவு என்று.
பதினைந்து வருஷத்து பிக்கப்.
பத்தாவது வளைவிலேயே மூச்சிரைக்கும்.
பின்னால் வரும் டூரிஸ்ட் கார்
என் புகையைக் குடித்துவிட்டு
கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும்.

கொண்டலாம்பட்டியில் மாதேசன் ஷெட்.
இன்ஜினை இறக்கி
பழைய பேனர் ஒன்றின் மேல் பிரித்துப் போட்டான்.
பேனரில் யாருக்கோ காதணி விழா.
குழந்தையின் கன்னத்தில் கனெக்டிங் ராடு.
லைனருக்குள் விரலை விட்டு
நகத்தால் தடவினான்.
"நகம் நிக்குதுக்கா" என்றான்.
எக்ஸ்ரே பார்த்த டாக்டர்கூட
இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

தள்ளிச் சீட்டு எடுத்தேன்.
பதினோராயிரம் போனது தள்ளுபடியில்.
புது லைனர், பிஸ்டன், ரிங்கு.
கிச்சிப்பாளையத்தில் பம்ப்பைக் கழற்றி வைத்து
சொட்டுச் சொட்டாக டீசல் அளந்தார் இப்ராகிம்.
டர்போ மட்டும்
உடைத்து விற்கிற கடையில் கிடைத்தது.
"எந்த வண்டியிலது?"
"அடிபட்ட வண்டி."
"ஓட்டினவரு?"
எடைத்தட்டைத் துடைத்துக்கொண்டே கடைக்காரர் சொன்னார்,
"நம்பர் பிளேட்டு தனியா வச்சிருக்கேன், வேணுமா?"
வேண்டாம் என்றேன்.
பிளேடை ஊதிப் பார்த்தேன்.
சுற்றியது.
நிற்க மனமில்லாமல் சுற்றியது.

ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து தொடங்கி
வெளியே போனான் மாதேசன்.
மூன்று சுற்று.
ஒவ்வொன்றுக்கும் ரெஞ்ச் "டக்" என்றது.
அந்தச் சத்தம் வந்த பிறகு
ஒரு மயிரிழை கூடத் திருப்பக் கூடாதாம்.
எங்கே நிறுத்துவது என்று
எனக்கு யாரும் டக் என்று சொன்னதில்லை.

ஆயிரம் கிலோமீட்டர்
காலி வண்டியைப் பவ்யமாக ஓட்டினேன்.
பிறகு ஒரு திங்கட்கிழமை, அடிவாரம்,
நூற்றிருபது கல், பிரிட்டோ பக்கத்தில்.
ஏழு, எட்டு, ஒன்பது.
பத்தில் மூச்சிரைக்கவில்லை.
பதினான்கில் பிரிட்டோ விசிலடித்தான்.
பதினாறில் ஒரு காரை நான் முந்தினேன்.
என் வாழ்க்கையில் மலைமேல் முதல் கார்.

பதினேழு.
இன்ஜின் கர்ஜித்தது.
வண்டி நகரவில்லை.
தீய்ந்த நாற்றம்.
பிரிட்டோ குதித்து டயருக்குக் கல் வைத்தான்.
நாங்கள் விற்கிற கல்தான்.
கைப்பிடிச் சுவரில் நான்கு குரங்குகள்
வேலையில்லாத மேஸ்திரிகள் போல உட்கார்ந்திருந்தன.

போனில் மாதேசன் சிரித்தான்.
"கிளட்ச் வழுக்குது.
இன்ஜின்மேல தப்பில்லக்கா.
இத்தன நாளு அதுக்குத் தெம்பு இல்ல,
அதனால கிளட்ச் நல்லவன் மாதிரி இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து வந்தது.
வீட்டில் நான் குரலை உயர்த்திய வருஷம்
யார் யார் வழுக்கினார்கள் என்று
எண்ணிப் பார்த்தேன்.
அந்த நாற்றமும் ஏறக்குறைய இதேதான்.

அறுபது கல்லைச் சுவரோரம் அடுக்கினோம்.
கிளட்ச் ஆறியதும்
முதல் கியரில், அவமானத்தோடு, மேலே போனோம்.
மறுநடையில் வந்து எண்ணினால் ஐம்பத்தேழு.
மூன்றை யார் தூக்கிப் போனார்கள்,
எந்த அடுப்புக்கு என்று தெரியவில்லை.

இப்போது புது கிளட்ச் பிளேட்.
இரண்டாம் கியரிலேயே திரும்புகிறது.
பதினேழைத் தாண்டும்போதெல்லாம்
கியர்பாக்ஸ் இருக்கிற பக்கம்
காதைக் கொடுக்கிறேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை.
நானும்
கேட்கவில்லை.